அந்தச் சீட்டு அவளுடையது

மகனே,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்குவார்கள். இந்தத் தடவை நான் கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். இப்படி ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, கோயம்புத்தூருக்கு பஸ் ஏறி, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஆபீஸ் போய் வந்துகொண்டிருக்கிறாய் என்பதுதான் எனக்குக் கோபமே. மூன்று நாளாக நான் போட்ட போனை நீ எடுக்கவில்லை. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். இதில் யார் பெயரும் இருக்காது. உன் பெயரும் இல்லை, உனக்கு நிச்சயம் செய்திருக்கும் பெண்ணின் பெயரும் இல்லை. இதை நாலு பேர் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு. ஆனால் அவளிடமும் உன்னிடமும் கேட்டு, இரண்டு பேரும் சரி என்று சொன்ன பிறகுதான் இது வெளியே போகும். கேட்டுவிட்டுச் செய்வது என்று ஒரு பழக்கம் உலகத்தில் இருக்கிறது, அதை நீ மறந்துவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது, கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் அலமாரியில் பழுப்புக் கவரில் இருக்கின்றன, எடுத்து அச்சாபீசில் கொடுத்துவிடு என்று நீதான் சொன்னாய். அலமாரியில் இரண்டு பழுப்புக் கவர்கள் இருந்தன. நான் முதலில் பிரித்ததில் பத்திரிகை இல்லை. பதினோரு தாள்கள். முதல் தாளின் தலையில் ஒரு மொபைல் நம்பர். அது யாருடையது என்று எனக்குத் தெரியும், தினமும் சாயங்காலம், ஸ்கூலில் டீச்சர் வேலை முடிந்ததும், அந்த நம்பரிலிருந்துதான் "அத்தே, சாப்பிட்டீகளா" என்று எனக்குப் போன் வருகிறது. மூன்று மாதமாக அந்தப் பெண் யார் யாருக்குப் பேசினாள், யார் யார் அவளுக்குப் பேசினார்கள், எத்தனை நிமிஷம், எந்த டவருக்குக் கீழே நின்று பேசினாள், எல்லாம் வரிசையாக அச்சடித்திருந்தது. எனக்கு அவள் பேசிய நாற்பது வினாடியும் அதில் இருந்தது. ஒரு நம்பரை மட்டும் நீ சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தாய், அது வருகிற இடமெல்லாம், பதினோரு தாளிலும். ஸ்கூலில் உன் கணக்கு நோட்டுக்குக்கூட நீ இவ்வளவு கவனமாகச் சிவப்பு மை தொட்டதில்லை.

உடனே உனக்குப் போன் போட்டேன். நீ கொஞ்சம் தடுமாறியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

"ஆமாம்மா. போன் கம்பெனியில இருக்கிற ஃப்ரெண்டுக்கு ரெண்டு பிரியாணி வாங்கிக் குடுத்தேன், எடுத்துக் குடுத்தான். இப்ப எல்லாரும் பண்றதுதான். நீங்க எல்லாம் தெருவுல போய் விசாரிச்சீக. நாங்க இப்படி விசாரிக்கிறோம். அம்புட்டுத்தான் வித்தியாசம்."

"அவகிட்டயே கேக்குறதுக்கு என்னடா?"

"கேட்டா உண்மையைச் சொல்லுவாளா? மறைக்க ஒண்ணுமில்லைனா அவ எதுக்குப் பயப்படணும்?"

"அப்ப உன் லிஸ்ட்டையும் எடுத்து அவளுக்கு அனுப்பு. நீயும் பயப்பட வேணாம்ல?"

அதோடு நீ போனை வைத்துவிட்டாய். அப்புறம் எடுக்கவே இல்லை.

நம் பக்கத்து விசாரிப்பைப் பற்றி நீ பேசியதால் சொல்கிறேன். பெண் கேட்கப் போவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது நம் வழக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. பெண்ணின் தெருவில் இருக்கிற கடைக்கு ஒருத்தர் போய் ஒரு சோடாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "அந்த வீட்டுப் பிள்ளை எப்படி?" என்று கேட்பார். என்னை உன் அப்பாவுக்குப் பேசியபோது பண்ணைப்புரத்தில் எங்கள் எதிர்வீட்டு அம்மாவிடம்தான் வந்து கேட்டார்கள். என்னைப் பற்றி அந்த அம்மாவுக்கு ஒரு விஷயம் தெரியும். "நல்ல பிள்ளை, தாராளமாப் பேசி முடிங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். அந்த விஷயத்தை உன் அப்பாவிடம் நான்தான் சொன்னேன், கல்யாணமாகி மூன்றாவது வருஷம், நானாக, என் வாயால். அவர் கேட்டுவிட்டு, "சரி, சாப்பிடு" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எங்களுக்குள் வரவில்லை. அது என்ன என்று உனக்குச் சொல்ல மாட்டேன். அது எனக்கும் அவருக்கும் நடுவில் உள்ளது. தெருவில் விசாரிப்பது ஒன்றும் யோக்கியமான வழக்கம் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அதில் பதில் சொல்கிறவருக்கு ஒரு முகம் இருந்தது. எதைச் சொல்லலாம், எதோடு நிறுத்தலாம் என்று ஒரு கணம் யோசிக்க அந்த முகத்துக்கு நேரம் இருந்தது. நீ வாங்கிய தாளுக்கு யோசனையும் கிடையாது, வெட்கமும் கிடையாது, கேட்டவனுக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டது.

இவ்வளவு கோபப்படுகிற உன் அம்மா என்ன பெரிய உத்தமி என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும். அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

உன் அப்பா போன மறு வருஷம், தொண்ணூற்றாறில், கோம்பை கடைத்தெருவில் நமக்கு எஸ்.டி.டி. பூத் கிடைத்தது உனக்குத் தெரியும். நீ அப்போது தேனியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். அதனால் அந்தக் கடைக்குள் என்ன நடந்தது என்பது உனக்கு முழுக்கத் தெரியாது. தெருவில் பாதிப் பேர் கல்யாணப் பத்திரிகையிலும் பேங்க் பாரத்திலும் நம் கடை நம்பரைத்தான் போட்டிருந்தார்கள். மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்திலிருந்தும் சவூதியிலிருந்தும் போன் வரும். "பத்து நிமிசம் கழிச்சுப் போடுங்க, வீட்டுல சொல்லி விடுறேன்" என்று வைப்பேன். போன் போட்டவனின் பொண்டாட்டி கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவாள். கண்ணாடிக் கதவு போட்ட கூண்டு ஒன்று இருந்தது. ஆனால் அதன் மரச்சுவர் அப்பளம் கனம்தான். உள்ளே அழுதால் வெளியே கேட்கும். யார் வீட்டில் காசு வரவில்லை, யாருக்கு அங்கே கண் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது, யார் திரும்பி வரவே மாட்டான், எல்லாம் எனக்குத் தெரியும். நான் எதையும் வெளியே சொன்னதில்லை என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

பேசி முடித்ததும் மெஷின் ஒரு சீட்டை அடித்துத் தள்ளும். கூப்பிட்ட நம்பர், நேரம், நிமிஷம் எல்லாம் அதில் இருக்கும். பேசியவர்கள் பெரும்பாலும் சீட்டை வாங்காமல் போய்விடுவார்கள். நான் அதைக் கம்பியில் குத்தி வைப்பேன். சீட்டின் பின்னால் பேசியவர் பெயரை எழுதி வைக்கிற பழக்கமும் எனக்கு இருந்தது. யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. பின்னால் யாராவது தகராறு செய்தால் காட்டலாம் என்று நானாகவே எழுதினேன்.

பின்தெருவில் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் இருந்தார். என்னைத் தங்கச்சி என்பார், நானும் அண்ணன் என்பேன். அவருடைய மகள் உத்தமபாளையத்தில் காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். செவ்வாய், வெள்ளி காலேஜ் விட்டு வரும்போது கடைக்கு வருவாள். தேனி நம்பர் ஒன்று. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம், அதற்கு மேல் பேசியதில்லை. வெளியே வரும்போது முகம் தெளிவாக இருக்கும். ஒருநாள் மத்தியானம் அவள் அப்பா வந்து என் முன்னால் நின்றார்.

"தங்கச்சி, எம் மக எந்த நம்பருக்குப் போடுறா?"

"எதுக்குண்ணே?"

"ஒரு தகப்பன் கேக்குறேன். சொல்ல மாட்டியா?"

ஒரு தகப்பன் கேட்கிறார். அந்த வார்த்தைக்கு மேல் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நல்லதுக்குத்தானே கேட்கிறார் என்று கம்பியிலிருந்து ஐந்து சீட்டுகளை உருவிக் கொடுத்தேன். உருவ வசதியாக, பின்னால் அவள் பெயர் வேறு எழுதியிருந்தது. அவர் என் கடையிலேயே, என் போனிலேயே, அந்த நம்பரைப் போட்டார். அந்தப் பக்கம் ஒரு ஆம்பளைக் குரல் "அலோ" என்றது. அவர் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார். அந்தக் குரல் யாருடையது என்று அவர் கேட்கவில்லை. வாத்தியாரா, கூடப் படிக்கிற பெண்ணின் அண்ணனா, அவள் விரும்பியவனா, எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை காலேஜுக்குப் போகவில்லை. அடுத்த மாதம் குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த சொந்தக்காரனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். எனக்கும் பத்திரிகை வைத்தார்கள். நான் போய் மொய் எழுதிவிட்டு, கேசரியும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஐந்தாறு வருஷம் கழித்து கம்பம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கையில் ஒரு பிள்ளை, தோளில் பை. நான்தான் பார்க்காத மாதிரி திரும்பினேன். அவளாகவே பக்கத்தில் வந்தாள். சத்தம் போடவில்லை, திட்டவில்லை.

"அத்தே, அந்தச் சீட்ட எதுக்குக் குடுத்தீக?"

"உங்கப்பா கேட்டாகம்மா..."

"நான்தான போன் பேசுனேன். நான்தான காசு குடுத்தேன். அப்ப சீட்டு என்னதுதான?"

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் அங்கனயே நின்றேன். பத்தாவது வரைக்கும் படித்தும் எனக்குத் தெரியாத சட்டத்தை அவள் ஒரே கேள்வியில் சொல்லிவிட்டாள். அன்றைக்குக் கடைக்கு வந்து கம்பியில் இருந்த அத்தனை சீட்டையும் அடுப்பில் போட்டேன். இன்றைக்கு அதே கடையில் ஜெராக்ஸ் போடுகிறேன். சிம் வாங்குவதற்காக ரேஷன் கார்டு நகல் எடுக்க வருகிறவர்கள் முன்னாலேயே வீணான நகலைக் கிழித்துவிடுகிறேன். சிம் விற்கிற ஒருத்தன், "வீணாப்போன நகல் இருந்தா குடுங்கக்கா, நமக்கு உதவும்" என்று பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். அடுத்தவன் கார்டில் யாருக்கோ சிம் போடுவதற்கு! அவனை நான் விரட்டிய விரட்டில் எதிர்க்கடைக்காரர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். ஊரில் இருக்கிறவனை எல்லாம் விரட்டினேன். என் வீட்டு அலமாரியில் பதினோரு தாள் வந்து உட்காரும் என்று நான் நினைக்கவில்லை.

திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு உத்தமபாளையம் கோர்ட்டுக்குப் போய், எனக்குத் தெரிந்த வக்கீலம்மாவைப் பார்த்தேன். யார் என்று சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"போன், கம்ப்யூட்டர் தகவலுக்கான சட்டம் இப்பத்தான் திருத்தி அமலுக்கு வந்திருக்குக்கா. கம்பெனியில வேலை பாக்குறவுக, அடுத்தவுக தகவல வெளிய குடுத்தா தண்டனை உண்டு. ஆனா யாருக்கு என்ன நட்டம், யாருக்கு என்ன லாபம்னு கேப்பாக. அத நாமதான் காட்டணும்."

"ஒரு பொம்பளப் பிள்ளையோட மூணு மாசத்த எவனோ உக்காந்து படிச்சிருக்கான். இதுல என்ன நட்டத்தக் காட்டணுங்கிறீக?"

"எனக்குப் புரியுதுக்கா. ஸ்டேசன்ல புரியணும்ல. எழுதி வாங்குற ஏட்டய்யாவுக்கு இப்படி ஒரு சட்டம் இருக்கிறதே தெரியாது."

எனக்கு ஆறவே இல்லை. சாதாரணத் தபாலை வழியில் பிரித்துப் படித்தால் தபால்காரருக்கு ஜெயில் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறான். தபாலில் என்ன எழுதியிருந்தது, படித்ததில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அங்கே கேள்வி இல்லை, பிரித்ததே தப்பு. கடுதாசிக்கு இருந்த மரியாதை போனுக்கு ஏன் இல்லை? போலீஸ் ஒருத்தருடைய லிஸ்ட்டைக் கேட்பதென்றாலே மேலதிகாரியின் கையெழுத்து வேண்டும் என்கிறார் வக்கீலம்மா. உனக்கு என்ன வேண்டியிருந்தது? ஒரு சிநேகிதனும் இரண்டு பிரியாணியும். என் லிஸ்ட் என்னுடையது, நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் ஒருத்தரும் தொடக் கூடாது, தொட்டால் எனக்கு உடனே தெரிய வேண்டும், தொட்டதே குற்றம் என்று பச்சைத் தமிழில் ஒரு சட்டம் எழுத இவர்களுக்கு என்ன கேடு? ஊருக்கு ஊர் டவர் நட முடிகிறது, மலை உச்சியில்கூட நடுகிறார்கள். நாலு வரி எழுத மட்டும் முடியவில்லை. எழுதுகிற வரைக்கும் உன்னை மாதிரிப் படித்த பிள்ளைகள் இதற்கு விசாரிப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு திரிவீர்கள்.

செவ்வாய்க்கிழமை ஓடைப்பட்டிக்குப் போனேன். ஆமாம், அவள் வீட்டுக்குத்தான். கவரையும் எடுத்துக்கொண்டு போனேன். சம்பந்தி வீட்டார் பலகாரம் செய்யப் போனார்கள். வேண்டாம், பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும் என்றேன். கொல்லைப் பக்கம் திராட்சைப் பந்தலுக்குக் கீழே இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் கவரை அவள் மடியில் வைத்து, நடந்ததைச் சொன்னேன், நீ போனில் சொன்னது உட்பட. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். "அன்னைக்கு எனக்குக் காய்ச்சல், ஸ்கூலுக்கு லீவு சொன்னேன்" என்றாள் ஒரு வரியில் விரலை வைத்து. இன்னொரு வரியில் விரலை வைத்தாள், ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிட்டாள். கடைசித் தாள் முடிந்ததும் என்னைப் பார்த்தாள்.

"அத்தே, இத அவுக எத்தன தடவ படிச்சிருப்பாக?"

அதற்குப் பதிலை நீயே சொல்லிக்கொள்.

அப்புறம் அந்தச் சிவப்பு வட்டத்தைக் காட்டி, "இது யாருன்னா..." என்று ஆரம்பித்தாள். "எனக்குச் சொல்ல வேணாம் ஆத்தா, நான் கேக்க வரல" என்றேன். "நீங்க கேக்கல, அதனாலதான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, யார், எதற்காக என்று முழுதும் சொன்னாள். சொல்லி முடித்தபிறகு, "அவுக நேர்ல ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேன்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உன்னைப் பெற்றவள் என்பதற்காக இதுவரை நான் எங்கேயும் தலை குனிந்ததில்லை.

"நான் புகார் குடுத்தா, நீங்க சாட்சி சொல்லுவீகளா?" என்று கேட்டாள்.

"சொல்லுவேன்" என்றேன். யோசிக்காமல் சொன்னேன். இப்போதும் அதே பதில்தான்.

புகார் கொடுப்பாளா, கல்யாணத்தை நிறுத்துவாளா, அவள் இன்னும் முடிவு பண்ணவில்லை. முடிவு அவளுடையது. அச்சாபீசுக்குப் பத்திரிகையைக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். கிளம்பும்போது தாள்களைக் கவரில் போட்டுக்கொண்டே, "இது என்னதுதான அத்தே, நானே வச்சுக்கிறேன்" என்றாள். பஸ் ஸ்டாண்டில் கேட்ட அதே வார்த்தை. இந்தத் தடவை நான், "உன்னதுதான் ஆத்தா" என்றேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ ஓடைப்பட்டிக்கு வர வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். சிநேகிதனைக் கூட்டிக்கொண்டு வராதே. பரிசு எதுவும் வாங்கிக்கொண்டு வராதே. அந்தப் பந்தலுக்குக் கீழே அவள் முன்னால் உட்கார்ந்து, அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல். நீ கேட்பதற்குப் பதில் சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம். நான் உனக்காக ஒரு வார்த்தை பரிந்து பேச மாட்டேன். உன்மேல் எனக்குப் பாசம் இல்லாமல் போகவில்லை, நேற்றுகூட உனக்குப் பிடிக்கும் என்று கருவாட்டைப் பொறுக்கி எடுத்து டப்பாவில் போட்டு வைத்தேன். பாசம் வேறு, இது வேறு.

இதைப் படித்ததும் உனக்கு முதலில் என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். அந்த நம்பர் யாருடையது? அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதே, கேட்டுவிடலாம் என்று உன் கை போனுக்குப் போகும். நல்ல நம்பராக இருந்தால் நீ செய்தது சரியாகிவிடும் என்றும், கெட்ட நம்பராக இருந்தால் இன்னும் சரியாகிவிடும் என்றும் நினைத்துக்கொள்வாய். எதுவாக இருந்தாலும் அது அவளுடையது. என்னிடம் கேட்காதே. ஒரு தகப்பன் கேட்கிறேன் என்று சொன்னதற்காக ஒருமுறை கம்பியிலிருந்து சீட்டை உருவிக் கொடுத்தவள் நான். மகனே வந்து கேட்டாலும் இந்தத் தடவை கொடுக்க மாட்டேன்.

உன் அம்மா